ஐந்தாவது கோரிக்கை

என் மனைவி பிரபாலினி வக்கீல். ஆனால் கோர்ட்டுக்குப் போகமாட்டாள். இதை விருதுநகரில் இருக்கும் என் அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

“கோர்ட்டுக்குப் போகாம அப்புறம் என்னடா வக்கீலு?”

“சட்டம் போடுறவங்ககிட்ட பேசுவாம்மா. இப்படிப் போடுங்க, அப்படிப் போடாதீங்கன்னு.”

“இவ சொன்னா அவங்க கேப்பாங்களாக்கும்?”

“சில நேரம் கேப்பாங்க.”

“அப்ப மந்திரிகிட்ட சிபாரிசு பண்றவன்னு சொல்லு. இதுக்கு எதுக்கு இத்தனை சுத்து?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள் அம்மா. அதைச் சொன்னபோது பிரபா விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்கடை அம்மா சொன்னதை அப்பிடியே என்ரை விசிட்டிங் கார்டிலை போடலாம் கிரி” என்றாள்.

திங்கள் விடியற்காலை பிராங்பேர்ட்டில் ரயிலேறி பெர்லின் போவாள். வியாழன் இரவு திரும்பி வருவாள். வெள்ளிக்கிழமை எங்கள் சமையலறை மேசைதான் அவளுக்கு அலுவலகம். நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அவள் வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும், ரஞ்சினி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரபா கொலோனில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். இரண்டு அறை வீடு. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது பெரியம்மாவின் மகள் ரஞ்சினி வந்து சேர்ந்தார். ஓர் அடுக்குக் கட்டிலில் மேலே பிரபா, கீழே அக்கா. அக்காவுக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. அகதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாய்த்த வேலை பிரபாவுக்கும் வாய்த்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது வரச்சொல்லிக் குறித்த நேரம், என்றால் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு. மேசைக்கு அப்பால் கண்ணாடி போட்ட அதிகாரி. இப்பால் முகம் மட்டும் தெரிகிற உயரத்தில் இவள். பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அக்கா. அதிகாரி சொல்வதை இவள் தமிழில் சொல்வாள். அக்கா முணுமுணுப்பதை இவள் ஜெர்மனில், அதுவும் அக்கா சொன்னதைவிட நன்றாகச் சொல்வாள். “அக்காக்கு விசா எடுத்துக் குடுத்ததே நான்தான்” என்று இன்றைக்கும் பெருமையடிப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயால் வீட்டில் எல்லோரும் பிழைத்தார்கள்.

அப்படிப்பட்டவள் சட்டம் படித்ததில் ஆச்சரியமில்லை. முதல் சில வருடங்கள் டுசல்டோர்ஃபில் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் அகதி வழக்குகள் பார்த்தாள். வென்றது கொஞ்சம், தோற்றது நிறைய. ஒருநாள் ஒரு நீதிபதி தீர்ப்பைச் சொல்லிவிட்டு, “உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் இப்படி எழுதப்பட்டிருக்கிறது, நான் என்ன செய்ய?” என்று கையை விரித்தாராம். மிகவும் அன்பாகத்தான் சொன்னாராம். அன்றைக்கு முடிவு செய்தாள். ஒவ்வொரு வழக்காக மோதி மூக்கை உடைத்துக்கொள்வதைவிட, அந்த வரியை எழுதுகிற இடத்துக்கே போய்விடுவது.

போனாள். ஆனால் அந்த இடத்தில் அகதிகளுக்காகப் பேச ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பவர் யார்? முதலில் காற்றாலைக்காரர்கள் வைத்தார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர்கள். கடைசியாக, முதியோர் இல்லங்கள் நடத்தும் நிறுவனங்களின் கூட்டமைப்பு அவளைப் பெர்லின் அலுவலகத்துக்குத் தலைவியாக்கியது. அமைச்சகம் ஒரு சட்டத்தின் வரைவை அனுப்பும். கருத்துச் சொல்லச் சில நாள் அவகாசம் கொடுக்கும். இவள் இரவு பகலாக அதைப் படித்து, எங்கே என்ன மாற்ற வேண்டும் என்று எழுதுவாள். பிறகு எம்.பி.க்களோடு காபி, அதிகாரிகளோடு காபி. ஒருமுறை அவள் எழுதிக் கொடுத்த வாக்கியம் காற்புள்ளி உட்பட அப்படியே சட்டமாகிவிட்டது. அன்றைக்குக் கேக் வாங்கி வந்தாள். நாங்கள் அந்த வாக்கியத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

போன வருடம் முதியோர் இல்லங்களுக்கு ஒரு புதிய சட்டம் வரப்போவதாகப் பேச்சு வந்தது. பயிற்சியும் எழுத்துப் பரீட்சையும் முடிக்காத உதவியாளர்கள் இனி முதியவர்களின் உடம்பைத் தொட்டுப் பராமரிக்கக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது, உடை மாற்றக் கூடாது, ஊட்டக் கூடாது. வேண்டுமானால் சலவை, சமையல். இதுதான் சாரம். நல்ல நோக்கம்தான். ஆனால் பரீட்சை எழுதாமலே இருபது வருடமாக அந்த வேலையைச் செய்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அதில் ஒருவர் ரஞ்சினி அக்கா. கொலோனில் ஓர் இல்லத்தில் வேலை. ஜெர்மன் பேசுவார், எல்லோருக்கும் புரியும். எழுத வராது.

பிரபா கூட்டமைப்புக்காக ஐந்து கோரிக்கைகள் தயாரித்தாள். முதலாவதுதான் அவர்களுக்கு உயிர். இரவு வேலையில் ஒரு தாதி பார்த்துக்கொள்ளும் முதியவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அதாவது ஆள் குறைப்பு. அது கிடைத்தால் முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். இடையில் மூன்று சில்லறைகள். ஐந்தாவது, பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த பழைய உதவியாளர்களுக்குப் பரீட்சை வேண்டாம், மேலாளரின் சான்று போதும்.

அதை நான் இரண்டு முறை படித்தேன். “ரஞ்சினி அக்காவுக்காகப் போட்டியா?” என்று கேட்டேன்.

அவள் தோசையைப் பிய்த்தபடி, “இல்லை கிரி. அது விட்டுக் குடுக்கிறதுக்குப் போட்டது” என்றாள்.

“புரியல.”

“ஐஞ்சு கேட்டால் ஐஞ்சும் தரமாட்டினம். நாங்களும் ஏதோ இழந்த மாதிரித் தெரியவேணும். அப்பதான் அவைக்கு முதலாவதைத் தர மனம் வரும். அதுக்குத்தான் ஒண்டை வைக்கிறது. எல்லாரும் செய்யிறதுதான்.”

எங்கள் வங்கியிலும் செய்வார்கள். வெட்டுவதற்கென்றே எஸ்டிமேட்டில் ஒரு வேலையைச் சேர்ப்பார்கள். நான் சிரித்தேன். “தூண்டில்ல மாட்டுற புழுன்னு சொல்லு” என்றேன். அவளும் சிரித்தாள். தோசை ஆறிக்கொண்டிருந்தது.

ஆனால் புழுவும் உயிருள்ளதாகத் தெரிந்தால்தான் மீன் வரும். அங்கேதான் வந்தது வினை. ஐந்தாவது கோரிக்கை உண்மையானதாகத் தெரிய அதற்கு ஒரு முகம் வேண்டும் என்று கூட்டமைப்பின் தலைவர் ஃபோக்ட் சொன்னார். எம்.பி.க்களுக்கு ஒரு காலைச் சந்திப்பு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதில் ஓர் உதவியாளர் எழுந்து பேசினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பழைய உதவியாளர்கள் மேல் ஃபோக்டுக்கு அன்று திடீரென்று அத்தனை பாசம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். பிரபா யோசித்தாள். ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும்.

நான் லீவு போட்டுவிட்டு ரஞ்சினி அக்காவைக் கொலோனிலிருந்து ரயிலில் அழைத்துப் போனேன். அக்கா நீலப் பட்டுச் சேலை கட்டி, மேலே கனத்த கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தார். கைப்பைக்குள் பிரபா எழுதிக் கொடுத்த பேச்சு. வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, எனக்குப் பயமாய்க் கிடக்கு. பிரபாவே கதைச்சால் என்ன? சின்னனிலையிருந்து எனக்காக அவள்தானே கதைக்கிறவள்.”

“அக்கா, இந்தத் தடவை நீங்க பேசினாத்தான் எஃபெக்ட்” என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

பெர்லினில் பிரபா அவரை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். “இண்டைக்கு நீங்களே கதையுங்கோ அக்கா. நான் பக்கத்திலை நிக்கிறன், பயப்பிடாதேங்கோ” என்றாள்.

சின்ன மண்டபம்தான். ஜன்னலுக்கு வெளியே ஆறு. முப்பது பேர் இருப்பார்கள். எல்லோர் கையிலும் காபி. அக்கா ஒலிவாங்கி முன்னால் போய் நின்று பேச்சை எடுத்தார், முதல் வரியைப் பார்த்தார், மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். பிறகு தன் ஜெர்மனில் பேச ஆரம்பித்தார். இலக்கணமெல்லாம் தாறுமாறு. யாரும் காபியைத் தொடவில்லை.

“இருபது வருஷமாக நான் ஆட்களைக் கழுவுகிறேன்” என்றார். “கழுவ எழுதத் தெரிய வேண்டியதில்லை. எழுதச் சொன்னால் எழுதப் பார்க்கிறேன். ஆனால் நான் எழுதப் பழகும் நேரத்தில் அவர்களை யார் கழுவுவது?”

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தன் பொறுப்பில் இருக்கும் ஹெல்மர் அம்மாள் என்ற மூதாட்டியைப் பற்றிச் சொன்னார். ஞாபகமெல்லாம் போய்விட்ட கிழவி. ஒரு காலத்தில் பள்ளித் தலைமையாசிரியை. புதிதாக யாராவது உடை மாற்ற வந்தால் கத்துவாள். “ஏனென்றால் அவருக்கு... புது ஆட்கள் முன்னால் அவருக்கு...” என்று சொல்லி அக்கா நின்றுவிட்டார்.

கூச்சம் என்று சொல்ல வந்தார். அதற்கு ஜெர்மன் சொல் வரவில்லை. அக்கா திரும்பிப் பிரபாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. வெளிநாட்டவர் அலுவலக மேசைகளில் வருடக்கணக்காகப் பார்த்த பார்வையாகத்தான் அது இருந்திருக்கும். சொல்லு பிள்ளை, இதுக்கு என்ன சொல்றது? பிரபாவுக்கு அந்தச் சொல் தெரியாதா? நாலடி தள்ளித்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு இரண்டு கைகளையும் குறுக்காக மார்போடு சேர்த்து, உடம்பைச் சுருக்கி, தலையைக் குனிந்து காட்டினார். “இது” என்றார். “என் முன்னால் அவருக்கு இது இல்லை.”

முன் வரிசையில் ஒரு பெண் எம்.பி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்கு அதெல்லாம் தெரியவில்லை. முகம் சிவந்து, தலை நிமிராமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “சொல்லு வரேல்லைத் தம்பி” என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

அன்று மாலை அக்கா கொலோன் ரயிலேறிய பிறகு நாங்கள் இருவரும் பிராங்பேர்ட் திரும்பினோம். “அந்தச் சொல்லை ஏன் எடுத்துக் கொடுக்கல?” என்று கேட்டேன்.

“அந்த மௌனம்தான் கிரி வேலை செய்தது. நான் சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்” என்றாள். அவள் கண் பளபளத்தது. அது கண்ணீரில்லை, வேலை நன்றாக முடிந்த பளபளப்பு.

அந்த மௌனம் வேண்டியதைவிட அதிகமாகவே வேலை செய்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். சமையலறை மேசையில் பிரபாவின் போன் அடித்தது. அமைச்சக அதிகாரி. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அந்த அம்மாள் பேசியது எல்லோர் மனத்தையும் தொட்டுவிட்டதாம். கூட்டணிக் கட்சிகளுக்குள் பேசியாயிற்றாம். ஒரே ஒரு விட்டுக்கொடுப்புத்தான் சாத்தியம். “உங்கள் ஐந்தாவது கோரிக்கையைத் தரலாம் என்று நினைக்கிறோம். முதலாவது முடியாது. முதலாவதுதான் வேண்டுமென்றால், பேசிப் பார்க்கலாம். ஆனால் அப்போது ஐந்தாவது கிடையாது. எது என்று நீங்களே சொல்லுங்கள்.”

பிரபா அவகாசம் கேட்டுவிட்டு ஃபோக்டை அழைத்தாள். அவர் சிரித்தார். “இதிலென்ன கேள்வி? புழுவைத் தின்னவா போனோம்?” என்றார் கிட்டத்தட்ட. தூண்டில் என்று சமையலறையில் நான் சொன்ன வேடிக்கை அவர் வாயிலும் இருந்தது.

போனை வைத்ததும் நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். “பிரபா, அவங்களே தர்றோம்னு சொல்றாங்க. வாங்கிக்கோ.”

“என்ரை கட்சிக்காரருக்கு அது வேண்டாம்.”

“அக்காவுக்கு வேணும்.”

“நான் கூட்டமைப்பின்ரை வக்கீல் கிரி. அக்காவின்ரை வக்கீல் இல்லை.”

“அப்ப எதுக்குடி அக்காவைப் பட்டுச் சேலை கட்டிக் கூட்டிட்டு வரச் சொன்ன?”

அவள் மறுபடி போனை எடுத்தாள். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவ ஆரம்பித்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் அமைச்சகத்தை அழைத்தாள். அத்தனை அழகான ஜெர்மன் அவளுடையது. வாக்கியம் வாக்கியமாக, பிசிறில்லாமல். எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்ததில், எங்கள் உறுப்பினர்களுக்கு முதலாவதே முக்கியம். ஐந்தாவதை நாங்கள் வற்புறுத்தவில்லை.

வற்புறுத்தவில்லை. அவ்வளவுதான். ஒருவர் தலைவிதி அத்தனை மரியாதையான சொல்லால் முடிந்தது.

ரஞ்சினி அக்காவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சட்டம் நிறைவேறட்டும் என்றாள். நிறைவேறியதும், “கடைசி நேரத்திலை வெட்டிப்போட்டினம் அக்கா” என்று போனில் சொன்னாள். யார் வெட்டியது என்று சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. “நீ என்ன செய்வாய் பிள்ளை, உன்னாலை ஏலுமானதைச் செய்தனி” என்றாராம். அதற்குப் பிறகு பிரபா கொலோன் பக்கம் போவதைத் தவிர்த்தாள். அக்காவின் போன் வந்தால் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொல்வாள். நான் சொன்னேன். முதலாவது கோரிக்கை சட்டத்தில் ஏறியதற்காகக் கூட்டமைப்பு அவளுக்குச் சம்பளம் கூட்டியது. அந்த முறை கேக் வாங்கி வரவில்லை.

ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்காவைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள்.

பிப்ரவரியில் கொலோன் தமிழ்ச் சங்கத் தலைவர் இரத்தினம் அண்ணை போன் செய்தார். சங்கத்தின் ஆண்டு விழாவில் பிரபாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நம் பெண்களுக்காகப் பெர்லின் வரை போய்ப் போராடியவள் என்று. அவள் எவ்வளவோ மறுத்தாள். இரத்தினம் அண்ணையிடம் மறுத்துத் தப்பித்தவர் யாருமில்லை. “பிள்ளை, நோட்டீஸ் அடிச்சாச்சு” என்றார்.

காரில் போகும்போது முழுக்க வெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், “இண்டைக்கு மேடையிலை சொல்லப்போறன்” என்றாள். “சொல்லு” என்றேன். வேறென்ன சொல்ல?

ஒரு பள்ளிக்கூட மண்டபம். பிள்ளைகளின் நடனம், தேநீர், ரோல்ஸ், வடை, ஒலிவாங்கியின் கூச்சல். பிரபாவை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடையைத் தட்டில் ஏந்தி வந்தவர் ரஞ்சினி அக்கா. அதே நீலச் சேலை. கைகள் இரண்டும் சலவைப் பொடியில் வெடித்துச் சிவந்திருந்தன. தன் கையாலேயே போர்த்திவிட்டு, இவள் கன்னத்தைத் தடவினார். பிரபா ஒலிவாங்கியைப் பிடித்தாள். எம்.பி.க்கள் முன்னால் நடுங்காத குரல் நடுங்கியது.

“இந்தப் பொன்னாடைக்கு எனக்கு அருகதை இல்லை. ஒருத்தரும் வெட்டேல்லை. அந்த ஐஞ்சாவது கோரிக்கையை நான்தான் விட்டுக் குடுத்தனான்.”

இரத்தினம் அண்ணை பாய்ந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“பாத்தியளோ! தோல்வியைக்கூடப் பிள்ளை தன்ரை தலையிலை போட்டுக்கொள்ளுது. இவ்வளவு படிச்சும் எவ்வளவு அடக்கம்! இதல்லோ எங்கடை பண்பு!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். பிரபா “இல்லை, இல்லை” என்று கையை ஆட்ட ஆட்ட, அதுவும் அடக்கமாகிவிட்டது. நம் ஆட்கள் மேடையில் பெருமை பேசினால் நம்பமாட்டார்கள். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதைப் பெருமையாக ஆக்காமல் விடமாட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தட்டை ஏந்தியபடி நின்ற ரஞ்சினி அக்கா மட்டும் கைதட்டவில்லை. தட்டு இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா முடிந்து வெளியே வந்தால் எலும்பைத் துளைக்கும் குளிர். “அக்கா, வீட்ல டிராப் பண்ணிடறோம்” என்றேன். அக்கா முன்னால் என் பக்கத்தில் ஏறினார். பிரபா பின்னால். பொன்னாடை அவள் மடியில் சுருண்டு கிடந்தது. இரண்டு சிக்னல் தாண்டினோம். பிறகு அக்கா திரும்பாமலே கேட்டார்.

“பிரபா, நீ விட்டுக் குடுத்தனான் எண்டு சொன்னியே... நான் அண்டைக்குச் சரியாய்க் கதைக்காததாலையோ?”

பின்னால் பொன்னாடை சரசரத்தது.

“மறைக்காமல் சொல்லு பிள்ளை. நீ எழுதித் தந்ததை வாசிச்சிருக்க வேணும். பெரிய ஆள் மாதிரி உள்ளை வைச்சிட்டன். பிறகு நடுவிலை சொல்லு வராமல் நிண்டனான். இவ்வளவு பெரிய ஆக்களுக்கு முன்னாலை கையைக் காலை ஆட்டி... எத்தினை பேரின்ரை வேலை! என்னோடை நிண்ட லூர்தம்மாவின்ரை வேலை, சிவப்பிரியாவின்ரை வேலை. எல்லாம் என்ரை வாயாலை போச்செண்டு இவ்வளவு மாசமும் எனக்கு நித்திரை இல்லை. நீயும் போன் எடுக்கேல்லை. கோவம் எண்டுதான் நினைச்சன்.”

அக்கா தொடர்ந்தார். “கூச்சத்துக்கு ஷாம். அதுதானே அந்தச் சொல்லு? சனிக்கிழமையிலை ஜெர்மன் வகுப்புக்குப் போறன். முதல் நாளே டீச்சரிட்டைக் கேட்டுப் படிச்சிட்டன். இப்ப மறக்காது.”

இந்த இடத்தில் பிரபா ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் தொழிலே அதுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் பாதி உண்மையான ஒரு வாக்கியம் அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். குனிந்திருந்தாள்.

“நீங்கள் நல்லாய்க் கதைச்சனீங்கள் அக்கா” என்றாள். “அவையள் தரச் சம்மதிச்சவை.”

“என்னது?”

“ஐஞ்சாவதைத் தாறம் எண்டு சொன்னவை. நீங்கள் கதைச்சதாலைதான்.”

“பிறகு?”

“நான் வேண்டாம் எண்டு சொன்னனான். என்னை வைச்சிருக்கிற ஆக்களுக்கு வேறை ஒண்டு வேணுமெண்டு. உங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும் அக்கா. வேணுமெண்டுதான் எடுத்துத் தராமல் நிண்டனான்.”

சிக்னல் பச்சையாகிப் பின்னால் வந்த கார் ஒலியெழுப்பும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. அக்கா தன் சிவந்த கைகளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அப்ப நான் கதைச்சது அவைக்கு விளங்கினது” என்றார் மெதுவாக. எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

“ஓம் அக்கா.”

“ஹெல்மர் அம்மா இப்ப குளிக்கிறேல்லையாம். ஆர் போனாலும் கத்துதாம். நான் கீழை உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிக்க மேலை சத்தம் கேக்கும்.” பிறகு, “தம்பி, அந்த டிராம் தரிப்பிலை நிப்பாட்டுங்கோ” என்றார்.

“அக்கா, வீடு இன்னும் தூரம். குளிருது...”

“நிப்பாட்டுங்கோ.”

நிறுத்தினேன். பிரபா பின்கதவைத் திறந்து பாய்ந்து இறங்கி அவர் கையைப் பிடித்தாள். “அக்கா, பரீட்சைக்கு நான் சொல்லித் தாறன். ஒவ்வொரு ஞாயிறும் வாறன். அமைச்சிலை திரும்பவும் கதைக்கிறன், உங்களுக்கு ஒரு விதிவிலக்கு எண்டாலும்...” அவள் ஜெர்மனும் தமிழும் கலந்து ஏதேதோ சொன்னாள். ஒரு வாக்கியமும் முடியவில்லை.

அக்கா கையை உதறவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல்களைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“வேண்டாம் பிரபா. இனி எனக்காக நீ கதைக்காதை. நான் கதைச்சால் ஆக்கள் தருவினம் போலை கிடக்கு.”

டிராம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.